கழற்றி மாட்டும் கேபிளுக்குக் காசு கொடுக்கலாமா?

புதிதாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்கள் பிராசஸருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் மாதக்கணக்கில் ஆராய்ச்சி செய்வார்கள். எஸ்.எம்.பி.எஸ். என்று வந்ததும் "ஏதாவது ஒண்ணு போடுங்கண்ணே" என்று கடைக்காரரிடம் விட்டுவிடுவார்கள். கொஞ்சம் விவரமானவர்களுக்கு வேறொரு குழப்பம்: மாடுலரா, நான்-மாடுலரா?

நான்-மாடுலரில் எல்லா கேபிளும் பெட்டியோடு ஒட்டியே வரும். ஃபுல் மாடுலரில் எல்லாவற்றையும் கழற்றலாம். செமி மாடுலரில் மதர்போர்டுக்கான 24 பின் கேபிளும், பெரும்பாலும் பிராசஸர் கேபிளும் நிரந்தரம். மற்றவற்றை வேண்டுமானால் மாட்டிக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால், கையைக் கடிக்கும் பட்ஜெட் உள்ள மாணவனுக்கு நான்-மாடுலரே போதும். 24 பின் கேபிள் இல்லாமல் மதர்போர்டே ஓடாது, அதைக் கழற்றும் வசதிக்கு எதற்குத் தனிக்காசு? கேபிள் அடைத்தால் காற்றோட்டம் கெடும் என்பார்கள். மிச்ச கேபிளை டை போட்டுக் கட்டி மதர்போர்டு தட்டுக்குப் பின்னால் தள்ளுங்கள், பெரிய வித்தியாசம் இருக்காது. மிச்சமாகும் பணத்தில் ஓவர் வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பும் நீண்ட வாரண்டியும் உள்ள நல்ல எஸ்.எம்.பி.எஸ். வாங்கலாம். 2004-ல் தொடங்கிய 80 பிளஸ் சான்றிதழையும் பாருங்கள். ஆனால் அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்லும், பாதுகாப்புக்கு உத்தரவாதம் தராது.

மாடுலரில் பலருக்குத் தெரியாத ஓர் ஆபத்தும் உண்டு. ஹார்டு டிஸ்க் பக்கம் மாட்டும் முனைக்குப் பொதுத் தரம் இருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ். பக்கம் மாட்டும் முனைக்கு அப்படி எதுவும் இல்லை. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களில்கூட பின் வரிசை மாறலாம். ஹாஸ்டலில் பக்கத்து ரூம் நண்பனிடம் கேபிள் கடன் வாங்கி மாட்டினால் அது கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய்விடலாம். ஹார்டு டிஸ்க் அந்த நொடியே காலி. உள்ளே இருந்த ஃபைனல் இயர் பிராஜெக்டை எந்த வாரண்டியும் திருப்பித் தராது.

மாடுலரே வீண் என்று சொல்லவில்லை. கையகலக் கேபினெட்டில் அசெம்பிள் செய்பவர்களுக்கும், அடிக்கடி பாகங்களை மாற்றுபவர்களுக்கும் அது வரப்பிரசாதம். ஒரு கேபிள் பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். வாங்கினால், அதோடு வந்த கேபிள்களை ஒரு பையில் போட்டு மாடல் பெயரை எழுதி வையுங்கள். மற்றவர்கள் முதலில் தரத்தைப் பாருங்கள், கேபிள் அழகு அப்புறம்.