பந்தயப் பலகையும் வாக்குப் பெட்டியும்

தோழரே!

தேர்தல் காலத்திலே காரைக்கால் கடைத்தெருவில் நின்று பார்த்திருப்பீர்கள். நம் ஆள் வெல்வான் என்பான் ஒருவன். வெல்லான் என்பான் மற்றொருவன். குரல் உயரும், கை ஓங்கும். அப்போது மூன்றாமவன் ஒரே ஒரு சொல் சொல்வான்: "பந்தயம் கட்டுகிறாயா?" அவ்வளவுதான்! உரத்துப் பேசியவன் ஓசையின்றி நழுவுவான். வாய்ப்பேச்சுக்கு வரியில்லை, மடியை அவிழ்க்கும்போதுதான் மனம் கணக்குப் பார்க்கிறது.

இந்தக் கடைத்தெருச் சொல்லை ஆட்சித் தத்துவமாக ஆக்கியிருக்கிறார் ராபின் ஹான்சன் என்னும் அமெரிக்கர். 1959இல் பிறந்தவர், இயற்பியல் பயின்றவர், லாக்ஹீட் நிறுவனத்திலும் நாசாவிலும் கணிப்பொறி ஆராய்ச்சி செய்தவர். பின்னர் பாதை மாறி, 1997இல் சமூக அறிவியலில் முனைவர் பட்டம் பெற்று, ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்திலே பொருளாதாரம் போதிக்கப் புகுந்தவர். கல்லூரியைப் பாதியில் விட்டு நாடக மேடை ஏறியவன் நான்; பாதை மாறியவரைப் பார்த்துப் பரிகசிக்க மாட்டேன்.

அவர் கூறுவது யாது? எது வேண்டும் என்பதை மக்கள் வாக்களித்து முடிவு செய்யட்டும். அதை அடையும் வழி எது என்பதைப் பந்தயச் சந்தை முடிவு செய்யட்டும் என்கிறார். நாட்டின் நலத்தை அளக்க ஓர் அளவுகோல். ஒரு திட்டம் வந்தால் அந்த அளவு ஏறுமா, இறங்குமா என்று பணம் வைத்து வாங்குவார்கள், விற்பார்கள். ஏறும் என்று விலை சொன்னால் திட்டம் சட்டமாகிவிடும்! இந்த ஆட்சிமுறைக்கு அவர் இட்ட பெயர் 'ஃபியூட்டார்க்கி'. மேற்காசிய அரசியல் மாற்றங்களைக் கணிக்க, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்திலே இத்தகைய சந்தை ஒன்று உருவானது. அதை வடிவமைத்தவர்களில் இவரும் ஒருவர். 2003 ஜூலையில் செனட்டர் இருவர் அதைக் கண்டித்தனர். மறுநாளே கடை மூடப்பட்டது.

பைத்தியக்காரத்தனம் என்று தள்ளிவிடலாமா? கூடாது. அவருடைய கேள்வியில் கூர்மை இருக்கிறது. 2024 ஜூன் முதல் நாள் வெளிவந்த கருத்துக்கணிப்புகளில் பெரும்பாலானவை ஆளும் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் அளந்தன. எண்ணிப் பார்த்தபோது கிடைத்தவை 293. கணித்தவர் இழந்தது என்ன? காலணாவும் இல்லை! அடுத்த தேர்தலிலும் அதே நாற்காலியில் அமர்ந்து அடுத்த ஆரூடம் சொல்வார். அவர்களை மட்டும் ஏன் சொல்லவேண்டும்? "வெற்றி நமதே" என்று மேடைதோறும் முழங்கிய நானும், தோற்ற மறுநாள் யாருக்கும் தண்டம் கட்டியதில்லை.

ஆனால், கேள்வி சரி என்பதாலேயே விடையும் சரியாகிவிடுமா? பணம் வைப்பவன் பொய்க்கு மயங்கமாட்டான் என்கிறார்கள். அதே 2024இல் ஜூன் 3ஆம் நாள் மும்பைப் பங்குச் சந்தை 2,500 புள்ளிகளுக்கு மேல் துள்ளியது. மறுநாள் 4,300 புள்ளிகளுக்கு மேல் துவண்டது. அங்கே இருந்தது வெறும் வாய்ப்பேச்சா? கோடி கோடியாகப் பணம்! பணமும் அன்று பொய்யைத்தானே நம்பியது?

இந்தியாவுக்கு இத்தகைய சந்தை புதிதுமன்று. கல்கத்தாவின் கடைவீதியிலே மழை பெய்யுமா, பெய்யாதா என்று வணிகர்கள் பந்தயம் கட்டினார்கள். 1897இல் அதைச் சட்டம் போட்டுத் தடுத்தது ஆங்கில அரசு. பந்தயம் கட்டியவனுக்கு மழை ஒரு விலை. உழவனுக்கோ மழை ஒரு வாழ்வு!

நம் ஊருக்கு வாருங்கள். காவிரியிலே புதுவை மாநிலத்தின் பங்கு 7 டிஎம்சி. 2007இல் நடுவர் மன்றம் வகுத்தது, 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த நீருக்காகக் கடைமடையிலே காத்து நிற்பவன் காரைக்கால் உழவன். இந்தப் பங்கைக் குறைத்தால் நாட்டின் வருவாய் ஏறுமா என்று நாளை பந்தயப் பலகை தொங்கினால், விலையை ஏற்றுபவன் யார்? வாய்க்காலில் மண் வெடிப்பதை முதலில் கண்டவன் திருநள்ளாற்று உழவன். அவனிடம் அறிவு இருக்கிறது, முதல் இல்லை. முதல் உள்ளவனோ வாய்க்காலைக் கண்டதேயில்லை!

சூழ்ச்சி செய்து விலையை வளைப்பவன் பணத்தை இழப்பான், அந்தப் பணமே உண்மை அறிந்தவனை இழுத்துவரும் என்று விடை தருகிறார் ஹான்சன். வரட்டும், எப்போது வருவான்? முடிவெடுக்கும் நாளுக்குள் வரவேண்டுமே! அதற்குள் வராவிட்டால், தோற்ற சூதாடிக்குப் போவது பந்தயப் பணம். உழவனுக்குப் போவது ஒரு போகம். இரண்டும் ஒன்றா, தோழரே?

கருத்து வணிகம் என்ற பெயரிலே, கைப்பேசியில் ஆம், இல்லை என்று பணம் வைக்கும் ஆட்டம் நம் நாட்டிலும் நடந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களுக்குத் தடை விதித்தது. தடை போட்டோம், தீர்ந்தது என்று இருந்துவிடாதீர்கள். ஹான்சன் எழுப்பிய கேள்வி இன்னும் நம் வாசலிலே நிற்கிறது.

அதற்கு நாம் தரவேண்டிய விடை ஒன்று உண்டு. இத்தனை பேருக்கு வேலை, இத்தனை ஏக்கருக்கு நீர் என்று சொல்லித் திட்டம் கொண்டுவருபவர், அந்த எண்ணை நாள் குறித்து எழுதி வைக்கட்டும். ஐந்தாண்டு கழித்து அந்த ஏட்டைச் சட்டமன்றத்திலே உரக்கப் படிக்கட்டும். அமைச்சரானாலும், அதிகாரியானாலும், அடியேனைப் போன்ற மேடைப் பேச்சாளனானாலும், கணித்தவர் கணக்குக் காட்டட்டும்! பேராசிரியரிடமிருந்து சாட்டையை வாங்கிக்கொள்வோம். செங்கோலை அவருடைய சந்தைக்குக் கொடுக்கமாட்டோம்.

1954 அக்டோபர் 18ஆம் நாளை எண்ணிப் பாருங்கள். பிரெஞ்சு ஆட்சி நீடிப்பதா, இந்தியாவோடு இணைவதா என்று கீழூரிலே மக்களின் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். இணைவதற்கு 170 வாக்கு, எதிராக 8. இணைந்தால் வருவாய் ஏறுமா என்று எந்தப் பலகையிலும் விலை எழுதப்படவில்லை. எட்டுப் பேரின் வாக்கும் எண்ணப்பட்டது. எவருடைய மடியும் எடை போடப்படவில்லை.

அந்தப் பெட்டியிலே பிறந்தது நம் காரைக்காலின் விடுதலை. அதைப் பந்தயப் பலகையிலே தொலைக்கலாமா? சொல்லுங்கள், தோழரே!