பசிக்கு வகுப்பு உண்டா?

நடவு நாட்களில் விவசாயத் தொழிலாளிப் பெண் பொழுது விடியுமுன்பே நாற்றங்காலில் நிற்கிறாள். வீட்டில் அடுப்பு எரிவதில்லை. முதல் ஷிப்டுக்கு ஓடும் மில் தொழிலாளி வீட்டிலும் இதே கதைதான். பழையது இருந்தால் பிள்ளை குடிக்கிறான். இல்லையேல் வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் போகிறான். ஊருக்கெல்லாம் சோறு போடும் தஞ்சையிலா இந்தக் கொடுமை?

1956-ல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு வந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு ஆயிற்று. 2022-ல் காலை உணவு தொடங்கி, 2023-ல் நம் திருக்குவளையிலிருந்து மாநிலமெங்கும் விரிந்தது. வரவேற்கிறோம். ஆனால் 5-ஆம் வகுப்போடு கோடு கிழித்தார்களே, ஏன்? ஆறாம் வகுப்புக்குப் போனால் பசி ஓடிவிடுமா?

ஜப்பானைப் பாருங்கள். முதலாளித்துவ நாடுதான், உணவுப் பண்டச் செலவைப் பெற்றோர் தலையில் வைத்த சட்டம்தான். ஆயினும் 1954-ல் தொடக்கப் பள்ளிகளின் பகலுணவுக்குச் செய்த அச்சட்டத்தை, 1956-லேயே அடுத்த நிலைப் பள்ளிகளுக்கும் நீட்டினார்கள்.

இங்கே 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் மதிய உணவை 8-ஆம் வகுப்பு வரை உரிமையாக்கியது. காலை உணவோ சர்க்கார் உத்தரவால் வந்தது. உத்தரவு போட்ட கை அதை எடுக்கவும் கூடும். சட்டத்தை அவ்வளவு லேசில் அழிக்க முடியாது.

தோழர்களே! மத்தியானம் 10-ஆம் வகுப்பு வரை போடும் சோற்றைக் காலையிலும் போடு, அதைச் சட்டமாக்கு என்று கேட்போம். இது பிச்சையல்ல, நெல் விளைவித்தவன் பிள்ளையின் பங்கு. நடவு வயலிலும் மில் வாசலிலும் இக்குரல் எழட்டும்!