பெட்டி பேசுகிறது, சிப்பாய் பேச வேண்டாமா?

திருவெண்ணெய்நல்லூரில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்படும் லாரி, அரசூர் வந்து நெடுஞ்சாலையைப் பிடித்து, விழுப்புரத்தைத் தாண்டி, விக்கிரவாண்டி சுங்கச்சாவடிக்குள் நுழைகிறது. முன்பெல்லாம் அங்கே வண்டி நின்றாக வேண்டும். ஓட்டுநர் நோட்டை நீட்டுவார், சில்லறை இல்லை என்பார்கள், சச்சரவு எழும், பின்னால் இருபது வண்டிகள் முழங்கும். இன்றோ, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சிறு சீட்டை மேலே தொங்கும் கருவி படித்துக்கொள்கிறது. பணம் கணக்கில் கழிகிறது. கட்டை உயர்கிறது. 'பாஸ்டேக்' என்று பெயர். 2021 பிப்ரவரியிலிருந்து தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் இதைக் கட்டாயமாக்கினார்கள்.

அந்தச் சீட்டுக்குள் பாட்டரி இல்லை. கடுகளவு சில்லு ஒன்றும் மெல்லிய உலோகப் பின்னல் ஒன்றும்தான் இருக்கின்றன. கருவி வீசும் ரேடியோ அலை பட்டதும், அந்த அலையிலிருந்தே உயிர்பெற்று, 'நான் இன்ன எண்' என்று சொல்லிவிட்டு மீண்டும் உறங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் ஆர்.எப்.ஐ.டி. என்கிறார்கள். நாம் ரேடியோ சீட்டு என்று வைத்துக்கொள்வோம்.

லாரிக் கண்ணாடியில் இருந்த அந்தச் சீட்டு, இப்போது பட்டாளத்தின் தோட்டாப் பெட்டிக்கும் வந்துவிட்டது. 2022ஆம் ஆண்டில், புனே நகரை அடுத்த கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து, வார்தா மாவட்டத்தின் புல்காவ் மத்திய வெடிமருந்துக் கிடங்குக்கு மூன்று லாரிகள் சென்றன. ஏற்றியிருந்த சரக்கு 5.56 மில்லிமீட்டர் தோட்டாக்கள். பெட்டிதோறும் ரேடியோ சீட்டு. இந்திய இராணுவம் தன் வெடிமருந்துச் சரக்கை இந்த முறையில் கணக்கிடத் தொடங்கியதன் முதல் ஓட்டம் அது.

வரவேற்கிறோம். மனம் நிறைந்தே வரவேற்கிறோம். பேரேட்டைப் புரட்டி, பெட்டியின் முகத்தில் மங்கிய மையால் எழுதிய எண்ணைக் கண்ணைச் சுருக்கிப் படித்து, ஒவ்வொன்றாக எண்ணும் வேலை இனி வேண்டாம். தகரப் பெட்டி ரேடியோ அலையைத் தட்டிவிடும் என்பதால் அதற்கேற்ற தனி வகைச் சீட்டு தேவை. வெடிமருந்துக்குப் பக்கத்தில் அலை வீசும் கருவி எவ்வளவு வலுவோடு இயங்கலாம் என்பதற்கும் கட்டுப்பாடு தேவை. இவை பொறியாளர் பார்த்துக்கொள்ளும் காரியங்கள்.

எண்ணிக்கை மட்டுமல்ல, வயதும் இதில் அடக்கம். வெடிமருந்துக்கு ஆயுள் உண்டு. எந்த ஆண்டு செய்தது, எந்தத் தொகுதியைச் சேர்ந்தது, எது முதலில் வெளியே போக வேண்டும், எது கெட்டுப்போய்த் தனியே ஒதுக்கப்பட வேண்டும் என்பதைக் கிடங்குக்காரர் நொடியில் அறிய வேண்டும். அறியாவிட்டால் என்ன நேரும்? 2016 மே 31 அதிகாலையில் அதே புல்காவ் கிடங்கு தீப்பற்றி வெடித்ததே! அதிகாரிகளும் காவற்படையினரும் தீயணைப்புத் தொழிலாளர்களுமாகப் பலர் மாண்டார்களே! குறையுள்ள கண்ணிவெடிகள் அங்கே தேங்கிக் கிடந்ததைப் பற்றி அப்போது எழுந்த பேச்சு இன்னும் நம் காதில் இருக்கிறது.

வல்லரசு என்று மார்தட்டும் அமெரிக்காவே இதில் பட்டுத்தான் தெளிந்தது. 1991 வளைகுடாப் போருக்கு 40,000க்கு மேற்பட்ட இரும்புப் பெட்டகங்களைக் கப்பலேற்றினார்கள். பாலைவனத்தில் இறக்கிய பிறகு உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை. பாதிக்கு மேற்பட்டவற்றை உடைத்துத் திறந்து பார்த்தார்கள். கேட்டது வராததால் படைப்பிரிவுகள் மறுபடியும் கேட்டன. மூன்றாம் முறையும் கேட்டன. ஒரே பொருள் மலையாகக் குவிந்தது. வேண்டிய பொருள் அந்த மலைக்குள் மறைந்தது.

பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2003ல் ஈராக்கின்மீது பாய்ந்தபோது, அவர்கள் கையில் ரேடியோ சீட்டு இருந்தது. பெட்டகங்களில் ஒட்டியும் அனுப்பினார்கள். பலன்? அந்த நாட்டுத் தணிக்கைத் துறை அதே ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். அனுப்பியதாக எழுதப்பட்ட சரக்குக்கும், போர்முனையில் பெற்றதாக ஒப்புக்கொள்ளப்பட்ட சரக்குக்கும் இடையே 120 கோடி டாலர் வித்தியாசம்! உதிரிப் பாகம் கிடைக்காமல், ஒரு வண்டியைப் பிரித்து இன்னொரு வண்டியை ஓட்டினார்கள். சீட்டு எல்லாப் பெட்டகத்திலும் ஒரே சீராக ஒட்டப்படவில்லை. படைகள் முன்னேறிய வேகத்துக்குப் படிக்கும் கருவியும் செய்தித் தொடர்பும் ஈடுகொடுக்கவில்லை.

இங்கேதான் திருவெண்ணெய்நல்லூர் நமக்கு நினைவுக்கு வருகிறது. அந்த ஊர்க்காரருக்கு ஓலை வழக்கை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. மணப்பந்தலில் கிழவர் ஒருவர் ஓலையை நீட்டி, 'நீ எனக்கு அடிமை' என்கிறார். சுந்தரர் பறித்துக் கிழித்தெறிகிறார். 'கிழிந்தது படியோலை, மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது' என்கிறார் கிழவர். வழக்கு ஊரவைக்கு வருகிறது. அவையினர் கிழவரின் வாயை நம்பித் தீர்ப்புச் சொன்னார்களா? இல்லை. பாட்டனார் கையெழுத்து உள்ள வேறோர் ஓலையைக் கொண்டுவரச் செய்து, இரண்டையும் ஒத்துப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொன்னார்கள். பக்தி இருப்பவர் பக்தியோடு படிக்கட்டும். கணக்குத் தெரிந்தவர் அந்த அவையின் நடைமுறையைப் படிக்கட்டும்.

அனுப்பியவன் ஓலை ஒன்று. பெற்றவன் ஓலை ஒன்று. இரண்டையும் ஒத்துப் பார்க்க, இருவருக்கும் கட்டுப்படாத ஓர் அவை. நியாயவிலைக் கடையில் 'சரக்கு வந்துவிட்டது' என்று கிடங்குக் கணக்கு சொல்லி, 'வரவில்லையே' என்று கடை வாசலில் நின்ற தாய்மார்கள் சொல்லிய காட்சியைக் கண்ட நமக்கு இது புதிய தத்துவம் அல்ல.

தொழிற்சாலை வாசலில் ஒரு கருவி, கிடங்கு வாசலில் ஒரு கருவி என்று வைத்துவிட்டால், அனுப்பியவன் ஓலை மட்டும் பளபளப்பாக அச்சாகும். பெற்றவன் யார்? பனிமலையில் நிற்கிறானே, அந்தச் சிப்பாய்! அவன் ஓலை எங்கே?

அந்த ஓலையின் ஒரு கிழிசல் நமக்குக் கிடைத்தது, 2020 பிப்ரவரியில். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. சியாச்சின், லடாக் பனிச் சிகரங்களில் காவல் நிற்போருக்கு, 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை பல்நோக்குக் காலணி வழங்கப்படவில்லை. கழற்றிப்போட்டதைச் செப்பனிட்டு மாட்டிக்கொண்டார்கள். பனியின் ஒளி கண்ணைக் கெடுக்காமல் காக்கும் கண்ணாடிக்கு 62 முதல் 98 விழுக்காடு வரை பற்றாக்குறை. இதை எந்த ரேடியோ சீட்டு பிடித்திருக்கும்? வாங்காத காலணியில் சீட்டை எங்கே ஒட்டுவது?

2017ஆம் ஆண்டு அறிக்கையும் அப்படித்தான். 40 நாள் கடும்போருக்குக் கையிருப்பு வேண்டும் என்பது விதி. 2016 செப்டம்பரில் 152 வகை வெடிமருந்தில் 61 வகை 10 நாளுக்குக்கூடப் போதாது என்று எழுதினார்கள். பெட்டி காணாமற்போனதால் வந்த குறை அல்ல அது. பெட்டி செய்யப்படவில்லை, அல்லது உரிய காலத்தில் வாங்கப்படவில்லை. ஆணை பிறப்பிக்கும் மேசையில் கோப்பு எத்தனை நாள் உறங்கிற்று என்று படிக்கும் கருவியை இன்னும் யாரும் பொருத்தியதாகத் தெரியவில்லை!

தொழிலாளத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கட்கியும் நம் நீலகிரியின் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையும் இப்போது ஒரே கம்பெனியின் கீழ் இருக்கின்றன. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு கம்பெனிகளாக்கினார்கள். அதற்கு முன்பே, வேலைநிறுத்தத்தைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். நாளை அளவு எடுக்கும் கருவி வந்ததும், 'தாமதம் தொழிலாளியின் கையில்' என்று எளிதாக எழுதிவிடலாம். பெட்டி நகர்ந்த நேரத்தோடு, மூலப்பொருள் வந்த நேரமும், ஆணை வந்த நேரமும், பணம் வந்த நேரமும் அதே ஏட்டில் ஏறட்டும் என்று தொழிற்சங்கம் இன்றே கேட்க வேண்டும்.

கருவியின் முதல் வரிசை கிடங்கு வாசலில் நிற்கிறது. நிற்கட்டும். கடைசி வரிசை கடைசிக் காவல் முகாமில் நிற்க வேண்டும். அங்கே சிப்பாய் கேட்ட நாள் ஒன்று, அவன் கைக்கு வந்த நாள் ஒன்று; இரண்டுக்கும் இடையே உள்ள நாட்களை, இரகசியம் கெடாத அளவுக்கு, நாடாளுமன்றக் குழுவின் முன் ஆண்டுதோறும் வைக்க வேண்டும். புல்காவ் வாசலில் எத்தனை ஆயிரம் பெட்டிகள் படிக்கப்பட்டன என்று அமைச்சர் அவையில் பெருமையோடு சொல்லும் நாள் வரும். அன்று எழுந்து, 'சியாச்சினில் காலணி கேட்டவனுக்கு எத்தனை நாளில் கிடைத்தது?' என்று கேட்கப் போகும் உறுப்பினர் யார்?