சேற்றுக்குள் வாழும் சிறியவை

மாரிகாலத்தில் மன்னார்ப் பாலத்தைக் கடக்கும் எவரும் வங்காலைப் பக்கத்துச் சேற்றுவெளியில் தலை கவிழ்த்து நிற்கும் பறவைகளைக் காணாதிருக்க முடியாது. பூநாரைகளும், வட தேசங்களிலிருந்து வரும் கரைப்பறவைகளும் அங்கே எதை உண்கின்றன என்று எண்ணியிருக்கிறீர்களா? சேற்றுப் புழுக்கள், இறாலுக்கு உறவான மிகச் சிறிய உயிர்கள், பூச்சிகளின் குடம்பிகள் ஆகியவை அவற்றின் அன்றாட உணவு. வங்காலைச் சரணாலயம் 2010ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பறவைகளுக்காக என்று பெருமையுடன் சொல்கிறோம். அப்பறவைகளை வரவழைப்பது இந்தச் சேறே.

கடலின் அடியிலும் இதே நிலைதான். ஒரு மில்லிமீற்றருக்கும் சிறிய உயிர்கள் மணற்றுணிக்கைகளின் இடைவெளிகளில் குடியிருக்கின்றன. ஒரு சதுர மீற்றர் சேற்றில் அவை பத்து இலட்சத்தைத் தாண்டுவதும் அரிதன்று. அடியில் வந்து படியும் கழிவை உண்டு, மீன்குஞ்சுக்கும் இறாலுக்கும் தாமே இரையாகின்றன. இவற்றுள் லோரிசிபெரா என்னும் ஒரு முழுப் பிரிவே 1983இல்தான் அறிவியலுக்கு அறிமுகமாயிற்று. ஐந்தாம் நாளில் ஆண்டவர் கடலை நிரப்பியபோது நமக்குக் காட்டாமல் வைத்தவை இன்னும் எத்தனையோ!

இழுவை மடி இந்த அடித்தளத்தையே உழுகின்றது. மடியின் வாயை விரித்து வைக்கும் கனத்த பலகைகளும் அடிச் சங்கிலியும் செல்லும் வழியெல்லாம் வளைகள் சிதைகின்றன. கலங்கிய சேறு வேறிடத்தில் படிந்து அங்குள்ளவற்றையும் மூடுகின்றது. இலங்கை இதனை 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தால் தடைசெய்தது. அதன் பின்னரும் இராமேசுவரம் கரையிலிருந்து இழுவைப் படகுகள் வருவது ஓயவில்லை. ஆயினும் அக்கரையை மட்டும் குற்றஞ்சாட்டுவது எளிது. நம் பேசாலையிலும் இழுவைப் படகுகள் இருந்தன என்பதை ஏன் மறைக்க வேண்டும்? இரு கரையிலும் இத்தொழிலில் இருப்போருள் ஞாயிறு திருப்பலிக்கு வருவோர் பலர்.

புழுக்களும் நுண்ணுயிர்களும் இன்றி இயற்கை நன்கு இயங்காது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் நினைவூட்டினார். நாமோ அதை மரநடுகை விழாவோடு முடித்துக்கொண்டோம்.

புதுப் படகுக்கு ஆசீர் கேட்டு வருவோரிடம், அதில் ஏறப்போகும் மடி எது என்றும் கேட்கலாம். கடனில் மூழ்கிய படகுக்காரரை வெறுங்கையுடன் கரையேறச் சொல்வதும் நீதியன்று. இழுவை மடியைக் கைவிடுபவர் வேறு வலையும் சிறு படகும் வாங்குவதற்கு, இரு கரைப் பங்குகளும் தவக்காலக் காணிக்கையில் ஒரு பகுதியை ஒதுக்கலாம். வருகின்ற தவக்காலத்திலேயே தொடங்கலாம்.