கோர்ட்டுத் தேதி வரை பிள்ளையின் பசி பொறுக்குமா?

சம்பளம் போட்ட மறுநாள் மாலை. தோட்டத்துக் கடைக்காரர் பற்றுப் புத்தகத்தை விரித்து வைத்துப் பெயர் பெயராகக் கூப்பிட்டுக் கொண்டிருந்தார். கூட்டத்துக்குப் பின்னால் ஒரு தங்கச்சி, இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றாக, முன்னால் வராமல் நின்றாள். சங்க வேலையாக அங்கே போயிருந்த நாம், "கேசு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டோம்.

"மறுபடியும் தள்ளிப் போட்டுட்டாங்கண்ணே. இன்னும் ரெண்டு மாசமாம். அதுவரைக்கும் இதுங்களுக்கு நான் என்னத்தக் குடுக்கிறது?"

புருஷன் பட்டணத்தில் லோரி ஓட்டுகிறான். ஏழு மாதமாகப் பிள்ளைகளுக்கு ஒரு காசு வரவில்லை. இவள் செம்பனையில் உதிரிப்பழம் பொறுக்குகிறாள். கோர்ட்டுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போகிறது. போய்ச் சேர்ந்தால், "சம்மன் அவர் கையில் சேரவில்லை" என்று தேதி மாறுகிறது. மூன்றாவது தேதி மாறியதும் லயத்தில் பேச்சு கிளம்பி விடுகிறது: "விட்டுத் தள்ளும்மா, மானம்தான் போகுது. புள்ளைங்கள நீயே பார்த்துக்க."

இந்தப் பேச்சைத்தான் நாம் வன்மையாக மறுக்கிறோம். மானம் போக வேண்டியது பெற்ற பிள்ளைக்குச் சோறு போடாதவனுக்கா, அதைக் கேட்கிறவளுக்கா?

சகோதரிகளே, ஜீவனாம்சம் பிச்சையன்று. மனைவி மக்களைப் பராமரிக்கத் தவறுகிறவன் மாதந்தோறும் பணம் கட்ட வேண்டுமென உத்தரவிட 1950-ஆம் ஆண்டுச் சட்டம் கோர்ட்டுக்கு அதிகாரம் தருகிறது. இதற்கு விவாகரத்துக் கேட்டிருக்க வேண்டுமென்ற அவசியமில்லை. இருவரும் சம்மதித்துச் சேர்ந்து மனுச் செய்யாமல் ஒருவர் மட்டும் விவாகரத்து வேண்டினால், பொதுவாக முதலில் தேசியப் பதிவு இலாகாவின் சமரசக் குழுவுக்குப் போக வேண்டும். அது ஆறு மாதம் வரை இழுக்கலாம். அது முடியும் வரை பிள்ளைச் செலவைக் கேட்கக் கூடாது என்று பலர் வாய்மூடி இருந்து விடுகிறார்கள். இது தவறு.

1982 மார்ச் 1-இல் அமலுக்கு வந்த 1976-ஆம் ஆண்டுத் திருமண, விவாகரத்துச் சட்டமும், பிள்ளை யாரிடம் வளர்ந்தாலும் அதைக் காப்பாற்றுவது பெற்றோர் கடமை என்கிறது. விவாகரத்து வழக்கு நடந்து கொண்டிருக்கும் போதே பிள்ளைக்கு இடைக்காலச் செலவுத் தொகை கேட்கலாம். தீர்ப்பு வரும்வரை கைகட்டி உட்கார வேண்டியதில்லை. பதினெட்டு வயது வரை இருந்த இந்த உரிமை, 2018 டிசம்பர் 15 முதல், மேற்படிப்போ பயிற்சியோ முடியும் வரை நீடிக்கிறது. (நாம் சொல்வது முஸ்லிம் அல்லாதாருக்கான சட்டம். முஸ்லிம் குடும்பங்கள் ஷரியா நீதிமன்றத்தை நாட வேண்டும்.)

உத்தரவு போட்ட பிறகும் கட்டாவிட்டால்? பாக்கியை அபராதம்போல் வசூலிக்கலாம். கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறையில் தள்ளவும் முடியும். 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி, முதலாளியே சம்பளத்தில் பிடித்துக் கட்டுமாறு கோர்ட்டு உத்தரவிடலாம். ஆனால் ஒன்று: 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், மூன்று வருடத்துக்கு மேற்பட்ட பாக்கியை வழக்குப் போட்டு வாங்க முடியாது. "போகட்டும், பிறகு பார்ப்போம்" என்று நாள் கடத்தினால் நட்டம் பிள்ளைக்குத்தான்.

சரி, சட்டம் இருக்கிறது; இன்று இரவு அடுப்பில் என்ன வைப்பது? காத்திருக்கும் நாட்களுக்கு நாம் சொல்லக் கூடியவை இவை.

முதலாவது, ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். பால்மாவு, கிளினிக், பள்ளி பஸ் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி ரசீதை ஒட்டி வையுங்கள். அவர் எப்போதாவது ஐம்பது வெள்ளி கொடுத்தால் அதையும் எழுதுங்கள். உண்மையான கணக்குக்குத்தான் கோர்ட்டில் மதிப்பு. கைப்பேசியில் அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைக் கோபத்தில் அழித்து விடாதீர்கள்.

இரண்டாவது, பள்ளித் தலைமையாசிரியரைப் பாருங்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு ஆரம்பப் பள்ளியில் கூடுதல் உணவுத் திட்டம் உண்டு. பாடநூல் இரவல் திட்டமும் உண்டு. சமூக நல இலாகாவில் பிள்ளைகளுக்கான உதவித் தொகைக்கு மனுப் போடுங்கள். வெட்கப்பட்டு வீட்டில் இருப்பவரைத் தேடி எந்த இலாகாவும் வராது.

மூன்றாவது, கடைக்காரரிடம் ஒளியாதீர்கள். கோர்ட்டுத் தேதியைச் சொல்லி, இவ்வளவுதான் இந்த மாதம் முடியும் என்று பேசுங்கள். பற்று அரிசி, மாவு, பாலோடு நிற்கட்டும். எக்காரணம் கொண்டும் ஆலோங்கிடம் போகாதீர்கள். பேங்குக் கார்டை எவனிடமும் அடமானமாகக் கொடுக்காதீர்கள்.

நான்காவது, வக்கீலுக்குப் பணமில்லை என்று வழக்கைக் கைவிடாதீர்கள். அரசாங்கச் சட்ட உதவி இலாகாவும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் வசதி குறைந்தோருக்காகவே இருக்கின்றன. திருமணப் பத்திரம், பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, அவர் வேலை செய்யும் இடத்தின் விலாசம் இவற்றைக் கொண்டு போங்கள். ஆளைப் பிடிக்க முடியாமல் தேதி மாறிக் கொண்டே போனால், வேறு வழியில் சம்மன் சேர்க்க அனுமதி கேட்கலாமா என்று அங்கே கேளுங்கள். கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு செய்யவில்லை என்று ஒதுங்குகிறவர்களும் போய்க் கேளுங்கள். பெற்றோர் பதியாமல் விட்டதற்காகப் பிள்ளை தகப்பனிடம் செலவு கேட்கும் உரிமையை இழந்து விடுவதில்லை.

ஐந்தாவது, பிள்ளையை ஆயுதமாக்காதீர்கள். "பணம் தரலன்னா புள்ளையக் காட்ட மாட்டேன்" என்பது நம் பக்கத்து நியாயத்தையே கெடுத்து விடும். பணம் வேறு, பாசம் வேறு.

இனி ஆண்களுக்கு ஒரு வார்த்தை. தம்பிகளே, உங்கள் கஷ்டம் நமக்குத் தெரியாததல்ல. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. அதில் வாடகை, சாப்பாடு, மோட்டார் சைக்கிள் தவணை போனால் என்ன மிஞ்சும் என்று கேட்பீர்கள். கோர்ட்டும் உங்கள் வருமானத்தைப் பார்த்துத்தான் தொகையை முடிவு செய்யும். முடிந்ததைக் கட்டுங்கள், முடியாததை நீதிபதி முன் நின்று சொல்லுங்கள். வேலை போய்விட்டால் உத்தரவை மாற்றக் கேளுங்கள். ஆனால் விலாசத்தை மாற்றி, போன் நம்பரை மாற்றி ஒளிவது ஆண்பிள்ளை செய்கிற காரியமா? கூட்டத்தில் நின்று சம்பள உயர்வு கேட்டபோது, "புள்ளகுட்டிக்காரன் எப்படிப் பிழைக்கிறது?" என்றுதானே கேட்டோம். அந்தப் பிள்ளையின் பங்கும் சேர்ந்ததுதான் அந்தச் சம்பளம்.

"குடும்ப விவகாரத்தில் சங்கத்துக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். பிள்ளை பட்டினி கிடந்து, பள்ளிக்குப் போகாமல், பதினைந்து வயதில் செம்பனைக்கு வந்தால் அது குடும்ப விவகாரமாகவா நிற்கும்? ஒரு காலத்தில் லயத்தில் ஒரு வீட்டில் அடுப்பு எரியாவிட்டால் பக்கத்து வீட்டுச் சட்டியிலிருந்து குழம்பு வரும். இன்று தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பாதிப் பேர் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டோம். ஆனாலும் கோர்ட்டு நாளில் பிள்ளைகளைப் பார்த்துக் கொள்ள ஒரு பாட்டி, துணைக்குப் போக ஒரு அக்கா, முகம் சுளிக்காமல் லீவு கொடுக்க ஒரு மண்டோர், இவ்வளவு போதும். ஒரு பெண் வழக்கைப் பாதியில் விடமாட்டாள்.

அன்று அந்தத் தங்கச்சியைக் கடைக்காரர் கடைசியாகத்தான் கூப்பிட்டார். பாதிப் பற்றை அடைத்தாள். மீதியை அடுத்த மாதம் என்று எழுதிக் கொண்டார். அடுத்த தேதிக்கு நம் கிளைத் தலைவரின் வீட்டுக்காரம்மா அவளுடன் கோர்ட்டுக்குப் போகிறார். நோட்டுப் புத்தகத்தில் முதல் பக்கம் எழுதியாகி விட்டது. உங்கள் தோட்டத்திலும் இப்படி ஒருத்தி பின்னால் நின்று கொண்டிருப்பாள். அவளை முன்னால் கூப்பிடுங்கள்.