வல்லரசு நட்பும் மெல்லரசு வாழ்வும்

வலிய நாடொன்றன் தோளிற் கைபோட்டுக்கொண்டால் எளிய நாடு இடரின்றி வாழலாம் என்பார் நம்மிடையே பலர். கற்றவரும் இதனைச் சொல்கின்றனர். 'பெரியாரைத் துணைக்கோடல்' என்று வள்ளுவரே ஓர் அதிகாரம் வகுத்துள்ளாரே என மடக்குவாரும் உளர். அங்குக் குறிக்கப்பெறும் பெரியார் அறிவாலும் ஒழுக்கத்தாலும் பெரியவர்; படையாலும் பணத்தாலும் பருத்தவர் அல்லர். நட்பைப் பாடியவர் அதற்கடுத்த அதிகாரத்திலேயே நட்பாராய்தலை வைத்திருப்பதையும் இவர்கள் மறந்துவிடுகின்றனர். அவ்வாறு ஆராய்தற்கு ஏற்ற நாடு ஒன்றுண்டு. அது பிலிப்பைன்சு.

முந்நூறாண்டுகளுக்கு மேல் இசுபானியர்க்கு அடிமைப்பட்டுக் கிடந்த அத்தீவுக்கூட்டம் 1898-இல் தன் விடுதலையை அறிவித்தது. அதே ஆண்டில் இசுபானியரும் அமெரிக்கரும் பாரிசு நகரிற் கூடி, இரண்டு கோடித் தாலருக்கு அதனைக் கைம்மாற்றிக்கொண்டனர். விற்கப்பட்ட மக்களை எவரும் கேட்கவில்லை. அவர்கள் எதிர்த்துப் போரிட்டுத் தோற்றனர். பின்னர் 1946 சூலை 4-ஆம் நாள் அமெரிக்கா விடுதலை வழங்கியது. அந்த நாளே அமெரிக்காவின் விடுதலை நாள் என்பது கருதத்தக்கது. பிறந்த நாளைக்கூடத் தன்னதையே கொடுத்தது போலும்!

கொடுத்த விடுதலையோடு கயிறும் வந்தது. உலகப் போரில் மணிலா நகரம் இடிந்து மண்மேடாகிக் கிடந்த நேரம் அது. அவ்வாண்டே அமெரிக்கப் பேரவை இயற்றிய வணிகச் சட்டம், அந்நாட்டின் நிலம், காடு, சுரங்கம் ஆகியவற்றைப் பயன்கொள்வதில் உள்நாட்டார்க்கு ஒப்பான உரிமையை அமெரிக்கர்க்கும் கேட்டது. பெசோவின் மதிப்பை மாற்றுவதாயின் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் இசைவு வேண்டும் என்றது. இவ்வுடன்படிக்கைக்கு இணங்கினாலன்றி ஐந்நூறு தாலருக்கு மேற்பட்ட போரிழப்பீடு கிடையாது என்று இன்னொரு சட்டம் கூறியது. பசித்தவன் முன் சோற்றை வைத்துக்கொண்டு ஓலையில் கைந்நாட்டுக் கேட்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? கைந்நாட்டு இடப்பட்டது. 1947-இல் அரசியல் யாப்பையே திருத்தினர். அச்சிறப்புரிமை 1974-இல்தான் முடிந்தது.

அதே 1947-இல் படைத்தள உடன்படிக்கையும் எழுதப்பட்டது. காலம், தொண்ணூற்றொன்பது ஆண்டுகள்! கிளார்க்கு வானூர்தித் தளமும் சூபிக்குக் கடற்படைத் தளமும் அவற்றுள் பெரியன. வியத்நாம் போரின்போது இவையே அமெரிக்கப் படைக்குக் களஞ்சியமாகவும் பட்டறையாகவும் உதவின. தளங்கள் தேவைப்பட்டமையால், தளம் கொடுத்த ஆட்சியாளர் எத்தகையர் என்ற வினா வாசிங்டனுக்கு எழவில்லை. மார்க்கோசு 1972-இல் படைச்சட்டம் அறிவித்துத் தன்மூப்பாட்சி செய்த காலத்திலும் அமெரிக்கப் பணமும் படைக்கலமும் வந்துகொண்டே இருந்தன. 1986-இல் மக்கள் தெருவில் திரண்டு அவரை விரட்டியபோது, அவர்க்குப் புகலிடம் கொடுத்ததும் அமெரிக்காவின் அவாய்த் தீவே.

இவற்றினும் என் நெஞ்சைச் சுடும் செய்தி ஒன்றுண்டு. சப்பானியரை எதிர்த்து அமெரிக்கக் கொடியின்கீழ்ப் போரிட்ட பிலிப்பினோ மறவர் இரண்டரை நூறாயிரத்துக்கு மேற்பட்டவர். அமெரிக்கப் படையினர்க்குரிய நலன்கள் அவர்க்கும் உரியன என்றே அவர்கள் நம்பினர். 1946-இல், அதாவது போர் முடிந்த மறு ஆண்டிலேயே, அமெரிக்கப் பேரவை ஒரு சட்டத்தால் அவர்தம் பணியைக் கணக்கிற்கு வராததாக்கி, அந்நலன்களுட் பெரும்பாலனவற்றைப் பறித்தது. அறுபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2009-இல், எஞ்சியிருந்த முதியவர்களுக்கு ஒரே ஒருமுறைத் தொகை அறிவிக்கப்பட்டது. அமெரிக்கக் குடிமையுரிமை பெற்றவர்க்குப் பதினையாயிரம் தாலர், பெறாதவர்க்கு ஒன்பதாயிரம். ஒரே பதுங்குகுழியில் கிடந்து ஒரே பகைவனை எதிர்த்தவர்கள்! அதற்குள் இறந்துபோனவர் எத்தனை ஆயிரவரோ?

மொழியின் கதை வேறு. 1901-இல் 'தாமசு' என்னும் கப்பலில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட அமெரிக்க ஆசிரியர்கள் வந்திறங்கினர். ஆங்கிலமே பயிற்றுமொழியாயிற்று. கொடி இறங்கிய பின்னும் அம்மொழி இறங்கவில்லை. 1987-ஆம் ஆண்டு யாப்பிலும் பிலிப்பினோ மொழியின் அருகே ஆங்கிலமும் ஆட்சிமொழியாக அமர்ந்திருக்கின்றது. தளத்தைக் காலி செய்யச் சொல்லலாம். பள்ளிக்குள் புகுந்த மொழியை யார் காலி செய்யச் சொல்வது? இதனை எழுதுங்கால் நம் ஊர்ப் பள்ளி வாயில்களில் தொங்கும் 'ஆங்கில வழி' என்னும் பலகைகள் கண்முன் வந்து நிற்கின்றன. அதனைப் பிறிதொரு திங்கள் எழுதுவேன்.

தளத்தைக் காலி செய்யச் சொல்லும் நாளும் வந்தது. தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகை 1966-இல் சுருக்கப்பட்டு 1991-இல் முடிவுற்றது. அவ்வாண்டே பினாத்துபோ எரிமலை வெடித்துக் கிளார்க்குத் தளத்தைச் சாம்பலால் மூடியது. அமெரிக்கர் அதனைக் கைவிட்டனர். சூபிக்கை மட்டும் மேலும் பத்தாண்டு வைத்துக்கொள்ளும் புதிய உடன்படிக்கையைக் குடியரசுத் தலைவர் கோரசோன் அக்கினோவே வேண்டினார். ஆயினும் 1991 செபுதம்பர் 16-ஆம் நாள் மேலவையில் பன்னிருவர் எதிர்த்தும் பதினொருவர் சார்ந்தும் நின்றனர். உடன்படிக்கை வீழ்ந்தது. அடுத்த ஆண்டு இறுதியில் கடைசி அமெரிக்கக் கப்பலும் சூபிக்கை விட்டு நீங்கியது. பட்டினி வரும் என்று அச்சுறுத்தினர். சூபிக்கோ கட்டற்ற வணிகத் துறைமுகமாகவும் தொழிற்பகுதியாகவும் மாறியது. அப்பன்னிருவரை நான் வணங்குகின்றேன்.

'அமெரிக்கர் போனார், சீனர் வந்தார். 1995-இல் மிசுசீபுத் திட்டில் சீனர் கட்டடம் எழுப்பியதைப் பாரீர்' என மறுப்பார் உளர். மறுப்பு வலியதே, அதனை ஒதுக்கிவிட்டுப் போதல் முறையன்று. ஆனால் 1951-இல் இரு நாடும் செய்துகொண்ட பாதுகாப்பு உடன்படிக்கை 1995-இலும் உயிரோடுதான் இருந்தது. 2012-இல் சுகார்பரோத் திட்டைச் சீனம் தன் பிடிக்குள் கொணர்ந்தபோதும் இருந்தது. அதில், தாக்குதல் நேரின் ஒவ்வொரு நாடும் தன் யாப்பு முறைப்படி செயற்படும் என்றே எழுதப்பட்டுள்ளது. அம்முறை எப்போது, எவ்வளவு செயற்படும் என்பதை உறுதி செய்வோர் மணிலாவில் இல்லை.

மற்றொரு வல்லரசு மேலானதோ எனின், அதுவும் இல்லை. 1962-இல் கியூபாவில் நிறுத்திய ஏவுகணைகளை அகற்றுவதாகக் குருச்சேவு கென்னடிக்கு ஒப்பினார். அம்மண்ணுக்குரிய காசுத்திரோவிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. கரும்பை மாசுக்கோவின் விலையை நம்பியே விளைத்த அந்நாடு, 1991-இல் சோவியத்து ஒன்றியம் சிதைந்ததும் எண்ணெயின்றி இருளில் மூழ்கியது.

பிலிப்பைன்சு இன்று மீண்டும் பழைய வாயிலையே தட்டியுள்ளது. 2014-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி முதலில் ஐந்து இடங்களும் 2023-இல் மேலும் நான்கும் அமெரிக்கப் படையின் பயன்பாட்டிற்குத் திறந்துவிடப்பட்டன. சீனத்தின் அச்சுறுத்தல் மெய். அம்மீனவர்களின் அல்லலும் மெய். எனினும் அந்நாட்டுக்கு இதுகாறும் கிடைத்த பெருவெற்றி தளத்தால் வந்ததன்று. கடற்சட்ட உடன்படிக்கையின்கீழ் 2013-இல் மணிலா தானே வழக்குத் தொடுத்தது. நடுவர் தீர்ப்பாயம் 2016 சூலையில், தென்சீனக் கடலில் சீனம் கோரும் வரலாற்றுரிமைக்குச் சட்ட அடிப்படை இல்லையெனத் தீர்ப்பளித்தது. சீனம் அதற்குப் பணியவில்லை. காவலன் என வந்து நிற்கும் அமெரிக்காவோ, அத்தீர்ப்புக்கு அடிப்படையான கடற்சட்ட உடன்படிக்கையில் இன்றுவரை தான் சேரவேயில்லை.