ஒட்டுப் போட்டது தெரியாமல் பழைய காருக்கு பெயின்ட் அடிப்பது எப்படி?

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டினால் ஒரகடம். 2010-ல் திறக்கப்பட்ட ரெனோ - நிஸான் ஆலை அங்கேதான் இருக்கிறது. அங்கே தயாராகும் காரில் கீறல் விழுந்தால் பெரிய கவலையில்லை. வண்டியிலேயே பெயின்ட் கோட் இருக்கும். அதைச் சொன்னால், கடைக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்து நிறத்தைக் கலந்து கொடுத்துவிடுவார்.

அதே சாலையின் மறுமுனையில் பிறந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1948-ல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம், 1961-லிருந்து வண்டலூரில் ஹெரால்டைத் தயாரித்தது. 1972-ல் கெஸல், 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 வந்தன. 80-களின் பிற்பகுதியில் கார் தயாரிப்பே நின்றுபோனது. 'இந்த வருஷத்து வண்டிக்கு என்ன நிறம் அடிச்சீங்க?' என்று போய்க் கேட்க ஆலை இல்லை. பதில், கார் மேலேயேதான் இருக்கிறது.

ஒரே காரில் இரண்டு நிறம்

ஐம்பது, அறுபது வருட வெயிலில் நின்ற காரில் இரண்டு நிறங்கள் இருக்கும். ஒன்று, ஆலையில் அடித்த நிறம். டிக்கியின் உட்புறம், கதவு ரப்பருக்கு அடியில், எம்பளத்துக்குப் பின்னால் என வெயில் படாத இடங்களில் அது பத்திரமாக இருக்கும். இன்னொன்று, வெளுத்துப்போன இன்றைய நிறம். சிவப்பு வண்டியில் இந்த வித்தியாசம் பளிச்செனத் தெரியும்.

முழு வண்டிக்கும் பெயின்ட் அடிப்பதென்றால் முதல் நிறம்தான் சரி. ஒரு மட்கார்டுக்கு மட்டும் என்றால் இரண்டாவது நிறம். இதை மாற்றிச் செய்துவிட்டால், எத்தனை நேர்த்தியாக அடித்தாலும் ஒட்டுப் போட்டது தெரியும்.

ஒப்பிடும் முன் பக்கத்துப் பகுதியை ரப்பிங் பாலிஷ் போட்டுத் துடைக்க வேண்டும். மேலே சுண்ணாம்பு போலப் பூத்திருக்கும் படிவம் போன பிறகு தெரிவதுதான் நிஜமான நிறம். ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் என்ற கையடக்கக் கருவியை அங்கே வைத்தால் நெருக்கமான ஃபார்முலா கிடைக்கும். ஆனால், அது தொடக்கம்தான். மீதியை முடிப்பது பெயின்டரின் கண்.

ஜாக்கெட் துணி வித்தை

புடவைக்கு மேட்சிங் ஜாக்கெட் துணி எடுப்பவர்கள், கடை விளக்கை நம்பாமல் வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் பார்ப்பார்கள். டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் வெயிலில் வேறுவேறாகத் தெரியும். கலவையில் சேர்ந்த நிறமிகள் வேறு என்பதே காரணம். காருக்கும் அதே கதைதான்.

கலந்த பெயின்ட்டை ஒரு சின்ன அட்டையிலோ தகட்டிலோ ஸ்ப்ரே செய்து, முழுக்கக் காய்ந்த பிறகு வெயிலிலும் நிழலிலும் வண்டியோடு ஒட்டிவைத்துப் பார்க்க வேண்டும். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தால் மாறும்.

பழைய பெயின்ட் எந்த ரகம்?

நிறம் பொருந்தினால் மட்டும் போதாது. மறைவான இடத்தில், தின்னரில் நனைத்த பஞ்சால் தேய்த்தால் பழைய பெயின்ட்டின் ரகம் தெரிந்துவிடும். நிறம் கரைந்து பஞ்சில் ஒட்டினால் என்.சி. பெயின்ட். சுருங்கி எழும்பினால் எனாமல். எதுவும் ஆகாவிட்டால் 2கே ரகமாக இருக்கலாம். இதைப் பார்க்காமல் என்.சி. மேல் நேரடியாக 2கே அடித்தால், அடியிலிருப்பது சுருங்கி மொத்த வேலையும் பாழாகும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் என்.சி. அடித்தால் வெள்ளை பூத்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஹெரால்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. பானெட்டும் இரண்டு முன் மட்கார்டுகளும் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். நிற வித்தியாசத்தை மறைக்க நடுவில் இடைவெளி கிடையாது. அதனால், அடிபட்ட இடத்தில் அழுத்தமாகவும் தள்ளிப் போகப் போக மெலிதாகவும் அடித்துக் கரைத்துவிட வேண்டும்.

முகக்கவசம் முக்கியம்

2கே ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சுக்குழாயைத் தாக்கி ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. முகத்தில் கட்டும் கைக்குட்டை இதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகக்கவசம்தான் பாதுகாப்பு. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால், தண்ணீர் விட்டுத் தேய்ப்பதே நல்லது.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

'ஃபுல் பெயின்ட் அடிச்சிட்டா வேலை முடிஞ்சது சார்' என்பது எளிய வழி. ஆனால், எமரி பேப்பர் போட்டுச் சுரண்டிவிட்டால் ஆலையில் அடித்த பெயின்ட் திரும்ப வராது. முதல் பதிவிலிருந்து 50 வயது கடந்த கார், பைக்குகளை 'விண்டேஜ்' வாகனமாகப் பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், நம்பரில் 'வி.ஏ' என்ற எழுத்துகள் வரும். வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும்; சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது என்பது நிபந்தனை. ஹெரால்டுகள் அந்த வயதைக் கடந்துவிட்டன. நிறத்தையே மாற்றினால் ஆர்.சி-யிலும் மாற்ற வேண்டியிருக்கும்.

வேலை முடிந்ததும் பெயின்டரிடம் இரண்டைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. கலந்த ஃபார்முலா எழுதிய சீட்டு ஒன்று. ஸ்ப்ரே செய்து பார்த்த அட்டை மற்றொன்று. இரண்டையும் ஆர்.சி-யோடு சேர்த்து வைத்தால், அடுத்த முறை யாரும் முதலிலிருந்து தேட வேண்டியதில்லை.